எழுத்துப்பிழைக்கு வாக்கு பலியாகலாமா?

ஐயா,

அமெரிக்கத் தேர்தல் முறை பற்றிய தங்கள் தலையங்கம், வாக்குச்சீட்டில் இல்லாதவரின் பெயரை நாமே எழுதி வாக்களிப்பதை வீண் வேலை எனத் தள்ளியது சரியல்ல. 2010இல் அலாஸ்காவில், தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில் தோற்ற லிசா முர்கவ்ஸ்கி இப்படித்தான் மீண்டும் செனட்டர் ஆனார். லட்சம் பேருக்கு மேல் அவர் பெயரைக் கையால் எழுதினார்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றமும் சொன்னது.

சிக்கல் எழுதும் இடத்தில்தான். இங்கே பள்ளி வாரியத் தேர்தலில் ஒருவர் பெயரை எழுதும்போது, ஓர் எழுத்தில் சந்தேகம் வந்து பேனாவோடு நின்றுவிட்டேன். பின்னால் வரிசை நீண்டது. அப்புறம் சீட்டில் பெயர் எழுத விட்டிருந்த இடத்தை வெறுமையாகவே விட்டு வந்தேன், இன்றும் உறுத்துகிறது. இப்படிப் பெயரை எழுதி வாக்களிக்க வேண்டிய, முன்பே பதிவு செய்த வேட்பாளர்களின் பெயர்ப் பட்டியலை வாக்களிக்கும் ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒட்டி வைக்க வேண்டும்.

- அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்