இசை ஆய்வு வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இது பொதுக்குழுவில் வாசித்திருக்க வேண்டிய அறிக்கை. அன்று வந்தவர்கள் 14 பேர். கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக, 20 பேர் வேண்டும் என்பதால் கூட்டத்தை முறைப்படி நடத்த முடியவில்லை. தலைவரிடம் கேட்டுக்கொண்டு இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மாதக் கூட்டம் 12 நடந்திருக்க வேண்டும், 9 நடந்தது. ஐப்பசியில் மழை, மார்கழியில் பாதிப் பேர் சென்னைக் கச்சேரிகளுக்குப் போய்விட்டார்கள், ஒரு மாதம் தருவதாக ஒத்துக்கொண்ட மண்டபம் கடைசி நேரத்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டது. நடந்தவற்றில் தமிழிசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதரின் 24 சுருதிக் கணக்கைப் பற்றி ஒரு கூட்டம், தேவாரப் பண்களுக்கும் இன்றைய ராகங்களுக்கும் போடப்பட்டிருக்கும் இணை பற்றி ஒன்று, கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி பற்றி ஒன்று, மிருதங்கத் தோலும் அதைக் கட்டுகிறவர்களும் பற்றி ஒன்று. மற்றவை வழக்கமான வாசிப்புக் கூட்டங்கள். எல்லாம் நன்றாகவே நடந்தன.

நிறையப் பேர் வந்த கூட்டம், இசை ஆய்வாளர் லாரா பியர்சன் செய்த ஆய்வைப் பற்றிப் பேசிய கூட்டம். கர்நாடக இசை வகுப்புகளைப் படம் பிடித்து, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது ஆசிரியரின் கை எப்படி அசைகிறது, அந்த அசைவுக்கும் கமகத்துக்கும், அதாவது சுரத்தை அசைத்து வளைத்துப் பாடுவதற்கும், என்ன உறவு என்று அவர் பார்த்திருக்கிறார். நம்மில் எல்லோரும் சின்ன வயதில் பார்த்த கைதான் அது. பாட்டு டீச்சர் கையைக் காற்றில் இழுத்து வளைத்துக் காட்டுவார், நாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பாடுவோம். அதற்குள் ஆராய்ச்சி செய்ய இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரிந்தது. எனக்கும்தான். இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட வேலைக்கு விதை அந்தக் கூட்டத்தில்தான் விழுந்தது.

அந்த வேலையைப் பற்றிச் சில உறுப்பினர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். என்னிடம் நேராகக் கேட்காமல் வேறு இடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் பதில் சொல்வது என் கடமை.

வேலை இதுதான். திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டிலேயே பாட்டும் வீணையும் நாகஸ்வரமும் சொல்லிக்கொடுக்கும் மூத்த ஆசிரியர்களிடம் போய், அவர்கள் ஒரே ஒரு உருப்படியை (இயற்றப்பட்ட பாட்டை) சொல்லிக்கொடுப்பதைப் பதிவு செய்வது. பாடிக்காட்டச் சொல்லவில்லை, சொல்லிக்கொடுக்கச் சொன்னோம். எதிரில் உண்மையிலேயே ஒரு மாணவி உட்கார்ந்திருக்க வேண்டும், தப்பு செய்ய வேண்டும், ஆசிரியர் திருத்த வேண்டும். எடுத்துக்கொண்டது பைரவி ராகத்தில் அட தாளத்தில் அமைந்த வர்ணம் (சாதகத்துக்கும் கச்சேரிக்கும் ஆகும் பாட்டு வகை), பச்சிமிரியம் ஆதியப்பையா செய்த 'விரிபோணி'.

"போயும் போயும் எல்லோருக்கும் தெரிந்த வர்ணமா?" என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரியும் என்பதற்காகவே அதை எடுத்தேன். அபூர்வமான கிருதியை எடுத்தால் இரண்டு பேருக்குத் தெரியும், பத்து பேருக்குத் தெரியாது, ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க வழியில்லை. இந்த வர்ணம் மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிக்கு ஆசிரியராக இருந்தவர் செய்தது, 250 ஆண்டுக்குக் குறையாமல் வீடு வீடாகக் கைமாறி வந்திருக்கிறது, பாடகரும் வைணிகரும் நாகஸ்வரக்காரரும் ஒன்றுபோல அதில் சாதகம் செய்திருக்கிறார்கள். பாடாந்தரம், அதாவது குரு வழியாக வரும் பாட முறை, எங்கே கிளை பிரிகிறது என்று பார்க்க இதைவிடத் தோதான உருப்படி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி, இதெல்லாம் ஏற்கெனவே பெரிய இடங்களில் செய்கிறார்களே, நாம் எதற்கு என்பது. 2011 முதல் 2017 வரை பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ராவின் தலைமையில் காம்ப்மியூசிக் என்ற திட்டம் நடந்தது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கிய மகாம், பீஜிங் ஓப்பரா, அரபு-அந்தலூசிய இசை என்று ஐந்து மரபுகளைக் கணினியால் ஆராய்ந்தார்கள். நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி அதில் இருந்தார். பாடுகிறவரின் ஆதார சுருதியைக் கணினி தானே கண்டுபிடிப்பது, குரலின் போக்கைக் கோடாக வரைவது, ஒரு ராகத்தின் பிடிகளை, அதாவது அதை அடையாளம் காட்டும் சிறு இசைத் துண்டுகளை, பதிவுக்குள் தேடி எடுப்பது எல்லாம் அதிலிருந்து வந்த பெரிய வேலைகள், அதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் கச்சேரிப் பதிவு. மேடைக்குப் போகாமல் ஐம்பது வருடம் திண்ணையிலும் கூடத்திலும் சொல்லிக்கொடுத்தவர்களின் பாடம் அந்தப் பதிவுகளில் எங்கே இருக்கும்? அதைப் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் போய் எடுக்க வேண்டும். ஶ்ரீரங்கத்துக்கும் உறையூருக்கும் டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் நாம்தானே.

இதுவரை 7 ஆசிரியர்களிடம் எடுத்திருக்கிறோம். டம்பூரா செயலியை ஆசிரியரின் கட்டைக்கு (ஆதார சுருதிக்கு) வைத்து, பதிவு முழுக்க ஓடவிடுகிறோம், அப்போதுதான் பிறகு கோடு வரையும்போது ஷட்ஜம் ('ஸ') எங்கே என்று குழப்பம் வராது. யாரிடம் கற்றார், எந்த ஊரில், பாடத்தை நோட்டைப் பார்த்தா கேட்டா கற்றார் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பதிவின் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்கு. வெளியே யாருக்குக் கொடுக்கலாம், கூடாது என்பதை அவர்களே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தக் கையெழுத்துக் காகிதத்தை வீண் சம்பிரதாயம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டைக் கொடுத்தவரின் பெயரே இல்லாமல் எத்தனை ஒலிநாடா நம் ஊரில் சுற்றியிருக்கிறது.

கிடைத்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பல்லவியின் முதல் ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) காந்தாரம் வரும் இடம். அச்சுப் புத்தகத்தில் அங்கே 'க' என்று ஒரு எழுத்து, அவ்வளவுதான். கணினியில் கோடு வரைந்து பார்த்தால் ஏழு பேரில் யாருடைய கோடும் காந்தாரத்தில் நிற்கவில்லை, ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவில் ஆடுகிறது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என்னவென்றால் அதை அவர்கள் மாணவிக்குச் சொல்லும் விதம். வீணை ஆசிரியை ஒருவர் "ரி மெட்டுலேயே வைத்து இழு" என்றார், விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்குச் சுரம். பாட்டு ஆசிரியர் ஒருவர் "மவைத் தொட்டுவிட்டு வா, அங்கே தங்காதே" என்றார். நாகஸ்வர ஆசிரியர் வாயைத் திறந்து ஒரு விளக்கமும் சொல்லவில்லை, நான்கு முறை பாடினார், கையை ஆட்டினார், ஐந்தாவது முறை பையனுக்கு வந்துவிட்டது. கோடு ஏறக்குறைய ஒன்றுதான், அங்கே போய்ச் சேரும் வழி மூன்று. வீட்டில் உட்கார்ந்து அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த எழுத்துக்கும் குரலுக்கும் உள்ள இடைவெளி நம் முன்னோர்களுக்குத் தெரியாததில்லை. சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய இசை நூலை அச்சிட்டபோது, சுரத்தின் மேல் கமகக் குறிகளையும் சேர்த்துப் போட்டார். சுரத்தை ஆட்டும் கம்பிதத்துக்கு நெளிகோடு, சறுக்கிப் போகும் ஜாருவுக்குச் சாய்கோடு, வீணையில் கம்பியை இழுக்கும் ஒதுக்கலுக்குத் தனிக் குறி என்று. அதற்குப் பின்னால் வந்த பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்தக் குறிகளை விட்டுவிட்டன, அச்சுக் கோப்பது கஷ்டம், ஆசிரியர்தான் பக்கத்தில் இருக்கிறாரே என்று நினைத்திருக்கலாம். இப்போது புத்தகம் இருக்கிறது, செயலி இருக்கிறது, பக்கத்தில் இருந்த ஆசிரியர்தான் குறைந்துகொண்டே வருகிறார்.

சரி, இனி வருத்தமான விஷயம். ஶ்ரீரங்கத்தில் ஒரு அம்மா, எண்பதைத் தாண்டியவர், இரண்டு மத்தியானம் எங்களுக்கு நேரம் கொடுத்தார். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் வரை, அதாவது வர்ணத்தின் முதல் பாதி, ஆயிற்று. சரணத்தையும் அதோடு வரும் எத்துக்கடை ஸ்வரங்களையும் மூன்றாவது நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். தன் குரு வீட்டில் ஒரு ஸ்வரம் வேறு மாதிரி என்றும் அதை அன்றைக்குச் சொல்வதாகவும் சொன்னார். மூன்றாவது நாள் நான் அலுவலக வேலையாக வெளியூரில். பதிவுக் கருவியை எடுத்துப் போவதாக ஒப்புக்கொண்ட இரண்டு உறுப்பினர்களும் போகவில்லை, போகவில்லை என்று அந்த அம்மாவுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவர் குளித்து, புடவை மாற்றி, மாணவியையும் வரவழைத்து, சாயங்காலம் வரை காத்திருந்திருக்கிறார். அடுத்த வாரம் அவரை மகள் புனேவுக்கு அழைத்துப் போய்விட்டார். போனில் கேட்டேன். "போனில் சொல்ல வராதுப்பா, குழந்தை எதிரில் உட்காரணும்" என்றார். அந்த ஸ்வரம் இன்னும் நம்மிடம் இல்லை. அந்த இரண்டு பேரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

புதுக்கோட்டைப் பக்கம் பழைய இசைக் கல்வெட்டு இருக்கும் குடுமியான்மலைக்குப் போன பயணத்திலும் இதே கதை. பெயர் கொடுத்தவர்கள் 31 பேர், வேன் போதாது என்று பஸ் பேசினோம், காலையில் வந்தவர்கள் 11. வராதவர்கள் இழந்தது பெரிது. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஏழு ராகங்களுக்கான சுரங்கள் கிரந்த எழுத்தில் நான்கு நான்காக வரிசை பிசகாமல் வெட்டப்பட்டிருக்கின்றன, மத்யமக்ராமம் தொடங்கி கைசிகம் வரை. கல்வெட்டுத் துறையினர் அதைக் கண்டெடுத்ததும் அதே 1904-இல்தான். மகேந்திரவர்மன் வெட்டியது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், இப்போது ஆய்வாளர்கள் பலர் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. கல்வெட்டில் உள்ளது, ருத்ராசாரியரின் சீடனான ஒரு அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்பது மட்டுமே, பெயர் இல்லை. கடைசியில் தமிழில் ஒரு வரி, "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". கூட வந்த ஒரு உறுப்பினரின் மகள், ஏழாம் வகுப்பு, ஒரே சுரம் ஏன் அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வருகிறது என்று கேட்டாள். மீட்டும் முறையைக் குறிக்கிறது என்பவர்கள் உண்டு, சுருதி வேறுபாடு என்பவர்கள் உண்டு, முடிவு ஆகவில்லை என்றேன். "மாணவர்களுக்குன்னு எழுதிட்டு, எப்படிப் பாடணும்னு எழுதலியா?" என்றாள். எழுதியவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது, கூடவே ஆசிரியர் இருந்திருப்பார் என்று சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்த ஶ்ரீரங்கத்து அம்மாவின் ஞாபகம்தான்.

கணக்கு. வரவு சுமார் 38 ஆயிரம், செலவு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மண்டப வாடகை, பஸ், ஒரு பதிவுக் கருவி, இரண்டு ஹார்ட் டிஸ்க், அஞ்சல், காபி. விவரமான கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பற்றாக்குறையை இப்போதைக்கு நான் கையிலிருந்து போட்டிருக்கிறேன், அதை அவசரமாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. பதிவுக் கருவியைப் பொதுக்குழுவில் கேட்காமல் வாங்கினேன் என்ற குறை உண்மைதான். கேட்டிருந்தால் இன்னும் கோரத்துக்காகக் காத்திருப்போம்.

உறுப்பினர்கள் 64 பேர், ஆண்டுச் சந்தா 600 ரூபாய், கட்டியவர்கள் 29. மூன்று ஆண்டாகக் கட்டாதவர்களும் வாட்ஸாப்பில் ஆய்வுக் கட்டுரைகளை முதலில் கேட்டு வாங்குகிறார்கள். கொடுக்காமல் இருந்ததில்லை, இனியும் கொடுப்போம். கஷ்டத்தில் இருப்பவர்கள் பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சந்தாவே வேண்டாம். முடிந்தும் கட்டாதவர்களிடம்தான் கேட்கிறேன். ஆபிரகாம் பண்டிதர் 1912 தொடங்கி தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகளைக் கூட்டியதெல்லாம் மருந்து விற்ற சொந்தக் காசில்தான். நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. மாதம் 50 ரூபாய்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் கொடுத்த நண்பர்கள், காபி போட்டுக் கொடுத்த வீட்டார், பஸ் ஓட்டுநர், குடுமியான்மலையில் வழி காட்டியவர், பேசிய எல்லா அறிஞர்கள். அந்த ஏழு ஆசிரியர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கதவைத் திறந்து, உட்காரவைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள்.

அடுத்த ஆண்டு செயலாளராக நான்தான் இருக்க வேண்டும் என்றில்லை. யாராவது முன்வந்தால் நோட்டு, சாவி, கருவி எல்லாவற்றையும் அன்றைக்கே ஒப்படைப்பேன், பதிவு வேலை மட்டும் நிற்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. இன்னும் 12 ஆசிரியர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறது, அதில் 5 பேர் எழுபத்தைந்து தாண்டியவர்கள். புனேவுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும், இரண்டு பேருக்கு ரயில் டிக்கெட்டும் அங்கே எதிரில் உட்கார ஒரு மாணவியும் வேண்டும். ஏழு பேரின் கோடுகளையும் சொற்களையும் சேர்த்து எழுதும் கட்டுரை பாதியில் இருக்கிறது. தெலுங்கு எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் எட்டயபுரத்துப் பிரதர்சினியின் மூலப் பதிப்போடு ஒப்பிட்டுவிடலாம்.

அடுத்த பதிவு ஆனி மாதம் முதல் ஞாயிறு, லால்குடியில் ஒரு வயலின் ஆசிரியர் வீட்டில். காலை 7 மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இருப்பேன். கூட வர இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கருவியைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் எழுதிக்கொள்ள. வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். வர முடியாமல் போனாலும் சொல்லிவிடுங்கள், அவருக்கு நான் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்