15 நிமிடம் மிச்சம் இருந்தது: அப்பாவைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி மடல்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

அன்புடையீர்,

மூன்று மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. செட்டியார் தெரு நகைக்கடையொன்றில் 38 வருடம் கணக்கெழுதியவர். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு விறாந்தை வரை நடக்கிறார். அதற்குக் காரணமான ஒவ்வொருவருடைய வீட்டு வாசலிலும் போய் நின்று நன்றி சொல்ல ஆசை. பலருடைய பெயரே தெரியாததால் எழுதுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு ராத்தாவுக்கு. அன்று காலை பாண் ஆட்டோ வந்தபோது அவரும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாண் வாங்கியிருக்கிறார்கள். மகனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு நின்றதால் நேரம் 6.20 என்று அவருக்குத் திட்டமாகத் தெரியும். அப்பா மிச்சக் காசை எண்ணி வாங்கினாராம், நன்றாகக் கதைத்தாராம். அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. நான் எழும்பி, குசினித் தரையில் அப்பா கிடப்பதைக் கண்டபோது 7 மணி. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று என்னைக் கேட்டிருந்தால் "ராத்திரி படுக்கப் போகும்போது" என்றுதான் சொல்லியிருப்பேன். டொக்டர்மார் கணக்கெடுப்பது நாம் கண்ட நேரத்தை அல்ல, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை. என் பதிலை நம்பியிருந்தால், மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, நேரம் கடந்துவிட்டதென்று அப்பாவுக்குக் கிடைத்தே இருக்காது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் வந்த தம்பிக்கு அடுத்த நன்றி. சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், ராத்தாவிடம் நேரம் கேட்டார். பிறகு ஒரு பிளாஸ்டர் துண்டில் 6.20 என்று எழுதி அப்பாவின் சட்டையில் ஒட்டிவிட்டார். அன்று எத்தனை கை மாறினாலும் அந்த நேரம் மாறாமல் அப்பாவோடு போனது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய இந்தச் சேவை இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. எங்களிடம் ஒரு சதம் வாங்கவில்லை.

முதலில் போய்ச் சேர்ந்த இடத்தில் ஸ்கேன் இயந்திரம் பழுது. அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது. கசிவென்றால், கட்டியைக் கரைக்கும் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடலாம். அங்கிருந்த இளம் டொக்டர் தன் கைத்தொலைபேசியில் இடம் இடமாக எடுத்து, எங்கே ஸ்கேன் வேலை செய்கிறது, எங்கே கட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவருக்கும் நன்றி. ஆனால் அந்தத் தகவல் ஏன் அம்புலன்ஸ் புறப்படும்போதே கையில் இல்லை? ஒன்றரை மணித்தியாலம் அங்கேயே போனது. அடைப்பு நீங்காத மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று பிறகு வாசித்தபோது, அந்த வாங்கில் நான் சும்மா குந்தியிருந்த நேரத்தைப் பெருக்கிப் பார்த்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

இரண்டாவது வைத்தியசாலையில் 10.35க்கு ஊசி ஏறியது. இந்த மருந்து பலன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியபோது எல்லை 3 மணித்தியாலம். 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்றுதான் அதை நாலரையாக நீட்டியது. எங்களுக்கு எல்லை 10.50. 15 நிமிடம் மிச்சம். முன்பின் தெரியாத நோயாளிகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து எங்களுக்குத் தந்த ஒன்றரை மணித்தியாலம் அது. அவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

வார்ட்டில் இருந்த சிங்கள நர்ஸ் மிஸ் அப்பாவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவா. சிங்களத்தில் அது அப்பா. அம்மா ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் கொடுக்க விடாமல் தடுத்து, முதலில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாரா, புரைக்கேறுகிறதா என்று தொண்டையைப் பார்த்தபடி நின்றா. அம்மாவுக்கு அப்போது கோபம். தேத்தண்ணி நுரையீரலுக்குள் போய் நியூமோனியா ஆகாமல் காத்தது அந்தத் தேக்கரண்டிதான். பிறகு தண்ணி, வலி, பாத்ரூம், போதும் என்ற நாலு சொல்லையும் சிங்கள எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்தா.

பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று பத்து வரை தானாகச் சொல்லுவார். கோப்பையைக் காட்டினால் "கணக்கு" என்பார். பிழை என்று அவருக்கே தெரிந்து கண் கலங்கும். பயிற்சிப் படங்களில் சிங்களமும் ஆங்கிலமும்தான் இருந்தன. தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளரைத் தேடி நாங்கள் ஐந்து வாரம் அலைந்தோம். கடைசியில் கிடைத்த தங்கச்சி படங்களை ஒதுக்கிவிட்டு, "அவர் கையில் பழகின சாமானைக் கொண்டு வாங்கோ" என்றா. பழைய பித்தளைத் தராசைக் கொண்டு போனோம். அப்பா இடது கையால் தட்டைத் தொட்டு, வெகுநேரம் பார்த்து, "பவுண்" என்றார். தங்கச்சி, அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் உங்களுக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

சுகாதார அமைச்சுக்கும் சில வரி. ராத்தா கடிகாரம் பார்த்ததும், மிஸ் தேக்கரண்டி எடுத்ததும், தங்கச்சிக்குத் தமிழ் தெரிந்ததும் எங்கள் அதிர்ஷ்டம். அடுத்த வீட்டு அப்பாவுக்கும் அதே கிடைக்க வேண்டுமென்றால் அதை அரசாங்கம்தான் விதியாக்க வேண்டும். ஜப்பான் 2018இல் பாரிசவாதத்துக்கும் இதய நோய்க்கும் தனிச் சட்டமே இயற்றியது. இங்கிலாந்தில் எந்த வைத்தியசாலை எத்தனை நிமிடத்தில் ஸ்கேன் எடுத்தது, ஊசி போட்டது என்று கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். இங்கேயும் அந்தக் கணக்கு வேண்டும். அது இல்லாமல் எங்கே ஆள் போதாது, எங்கே இயந்திரம் போதாது என்று எதை வைத்துச் சொல்வது? விழுங்கும் சோதனை எல்லா வார்ட்டிலும் கட்டாயமாகட்டும். பேச்சுச் சிகிச்சை நோயாளியின் தாய்மொழியில் கிடைக்கட்டும். அதைச் சலுகையாகக் கேட்கவில்லை, சிகிச்சையாகக் கேட்கிறேன்.

கடைசியாக, அப்பாவை ஸ்கேன் மேசையிலிருந்து தூக்கிய சிற்றூழியர் அண்ணாவுக்கு. தொங்கிய கை அடிபடாமல் இருக்க உங்கள் தோளில் கிடந்த நீலத் துவாயைத்தானே சுற்றிவிட்டீர்கள்? அது எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தோய்த்து மடித்து, அப்பாவின் கிளினிக் கொப்பியோடு வைத்திருக்கிறோம். அடுத்த கிளினிக்குக் கொண்டு வருகிறோம்.

நன்றியுடன்,
மகள்