பாதி நேரம் பேச்சுக்கு வேண்டும்

ஆசிரியருக்கு,

மனித உரிமை கற்பிக்கப் போகும் இளைஞர் பணியாளர்களை, உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் மனப்பாடம் செய்யவைப்பது வீண். ஐரோப்பிய மன்றத்தின் 'காம்பஸ்' கையேட்டில் ஒரு பயிற்சி உண்டு. ஆளுக்கொரு சீட்டு; யாராகத் தன்னை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எல்லோரும் ஒரே கோட்டில். "நோய் வந்தால் மருத்துவம் கிடைக்கும்" என்று நடத்துபவர் வாசித்ததும், தன் சீட்டிலுள்ளவருக்கு அது பொருந்தினால் ஓரடி முன்னே வைப்பார். முடிவில் சிலர் சுவரை எட்டியிருக்க, ஒருவர் கோட்டிலேயே நிற்பார்.

சறுக்கல் இதற்குப் பின்தான். நேரமில்லையென்று, பிறகு நடக்கும் கலந்துபேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்தால் மனத்தில் தங்குவது பரிதாபம் மட்டுமே. ஒரு மணி நேரத்தில் பாதியாவது பேச்சுக்கு வேண்டும்: எந்த உரிமை மறுக்கப்பட்டது, யார் பொறுப்பு? சீட்டு ஒருவரின் சொந்த வாழ்க்கையோடு ஒத்துப்போனால், சத்தமில்லாமல் மாற்றித் தர வேண்டும். இதை ஒருமுறையேனும் தானே நடத்திப் பார்க்காதவருக்குச் சான்றிதழ் தராதீர்கள்.

– இளைஞர் பயிற்சியாளர்கள்