கொழகொழக்காத இஞ்சித் தண்ணீர்

அன்புள்ள வசந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேரன்கள் இரண்டு பேரும் மே மாதம் முழுக்க அங்கேதான் என்றால் உன் அடுப்படி ஓய்ந்த மாதிரிதான். உன் வீட்டுக்காரர் ஸ்டென்ட் வைத்த பிறகு காலையில் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார் என்பதைப் படித்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

இனி உன் இஞ்சித் தண்ணீர் விவகாரம். இஞ்சியை மிக்சியில் அரைத்து, விழுதை அப்படியே தண்ணீரில் போட்டு, எலுமிச்சை மூடியையும் கூடவே போட்டு, அரை மணி நேரம் திறந்து வைத்துக் கொதிக்க விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கசக்கிறது, கொழகொழவென்று இருக்கிறது, காரம் உண்டு வாசனை இல்லை என்கிறாய். இதில் இஞ்சியைத் திட்ட ஒன்றுமில்லை.

கசப்பு எலுமிச்சையால் வந்தது. மூடியின் உள்வெள்ளையும் விதையும் கொதித்தால் கசப்பு இறங்காமல் என்ன செய்யும்? அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு சாறு மட்டும் பிழி. அதையும் கடைசிச் சொட்டு வரைக்கும் நசுக்காதே. தேனும் அந்தச் சூட்டில்தான். கொதிக்கும்போது விட்டால் தேனின் மணம் போய் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

கொழகொழப்புக்குக் காரணம் மாவு. இஞ்சிச் சாற்றைப் பிழிந்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுதான். வீடுகளில் அதைச் சுண்ணாம்பு என்பார்கள், நஞ்சு என்று பயந்து கொட்டுவார்கள். கிழங்கிலிருக்கிற மாவுச்சத்துதான் அது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் தெளிய வைத்துக் கொட்டும் பழக்கம் சரிதான். சூடு பட்டால் அந்த மாவு கஞ்சியாகிவிடும். விழுதைக் கொதிக்க வைத்தால் அத்தனை மாவும் வெளியே வந்து கஞ்சிதான் கிடைக்கும். அதற்குப் பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது.

வாசனை போனது மூடாததால். இஞ்சியின் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது, காரம் வேறு பொருளில். திறந்து கொதிக்க விட்டால் மணம் உன் அடுப்படிக்கும் காரம் டம்ளருக்கும் போய்விடும்.

ஆகவே இப்படிச் செய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் இஞ்சி. நன்றாக முற்றி நார் பிடித்ததென்றால் 15 கிராம் போதும், அதில் காரம் அதிகம். மண் போகக் கழுவி, ஸ்பூன் முனையால் தோலைச் சுரண்டு. கத்தியால் சீவினால் சதையும் சேர்ந்து போகும். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று சொல்லிவைத்திருப்பதால் தோலோடு போட உனக்கு மனசு வராது என்று தெரியும். எனக்கும் சுரண்டுவதுதான் பிடிக்கும், இடுக்கில் இருக்கிற மண் அப்போதுதான் முழுசாகப் போகும். நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கு. இடிக்காதே, துருவாதே. தண்ணீர் கொதித்ததும் வில்லைகளைப் போட்டு, தட்டு போட்டு மூடி, சிம்மில் 10 நிமிடம். அணைத்து மூடியபடியே இன்னொரு 10 நிமிடம் விட்டு வடிகட்டு. வெளிர் மஞ்சளாக, அடி தெரிகிற மாதிரி இருக்கும். வில்லைகளை மறுபடி கொதிக்க வைத்தால் காரம் கொஞ்சம் வரும், மணம் வராது. டீக்கு வேண்டுமானால் ஆகும்.

டீ என்றதும் ஒன்று. பச்சை இஞ்சியைத் தட்டி நேரே பாலில் போட்டால் சில நாள் திரிந்துபோகும். பால் கெட்டுப்போனது என்று பால்காரரிடம் சண்டைக்குப் போகாதே. இஞ்சியிலுள்ள ஒரு நொதி பாலைத் திரிக்கும், நன்றாகச் சூடுபட்டால் அந்த நொதி செத்துவிடும். தண்ணீரில் முதலில் இஞ்சியைக் கொதிக்க விட்டுப் பிறகு பால் சேர்த்தால் தொல்லையில்லை. சீனாவில் குவாங்டாங் பக்கம் இஞ்சிச் சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றி, வேண்டுமென்றே உறைய வைத்து இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியாகத்தான் வேண்டும். அதற்குத் துருவலாம். 100 கிராம் இஞ்சியைத் துருவி வெள்ளைத் துணியில் முறுக்கிப் பிழி. இளசாக இருந்தால் சாறு தாராளமாக வரும். ஒடுக்கமான டம்ளரில் அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு அந்தத் தெளிவு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, 80 கிராம் நாட்டுச் சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு. பெரியவர்களுக்கு ஒன்றரைக் கரண்டி தெளிவு விடலாம். வெல்லம் போடுவதானால் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர், மண் இல்லாத வெல்லம் அபூர்வம். உப்பை விட்டுவிடாதே, புளிப்பும் காரமும் அதில்தான் சேர்ந்து நிற்கும். எலுமிச்சை சேர்த்ததை அலுமினியப் பாத்திரத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் வைக்காதே.

மிச்சத் தெளிவை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வை. ஒரு குழிக்கு ஒரு மேசைக்கரண்டி என்று அளந்து ஊற்றிவிட்டால், பிறகு அளவு பார்க்கிற வேலை மிச்சம். வெறும் ஃபிரிட்ஜில் என்றால் கண்ணாடி பாட்டிலில் இரண்டு நாள்தான்.

சுக்குப் பொடியிலும் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய்யலாம், லிட்டருக்கு அரை டீஸ்பூன். காயும்போது காரப்பொருள் மாறி இன்னும் உறைப்பான ஒன்றாகிவிடுகிறது, அதனால்தான் சுக்கு தொண்டையில் பிடிக்கிறது. பானகத்துக்கு அது சரி. தாகத்துக்குக் குடிக்க எனக்குப் பச்சை இஞ்சிதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேள். உன் வீட்டுக்காரர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். குழம்பிலும் சட்னியிலும் போடுகிற இஞ்சி வேறு, தினமும் டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. அவருடைய டாக்டரைக் கேட்காமல் வழக்கமாகக் கொடுக்காதே. உனக்கும் நெஞ்செரிச்சல் உண்டே, வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு அரை டம்ளர்.

வாங்கும்போது ஒடித்துப் பார். சுருங்காமல் கனமாக, சட்டென்று ஒடிய வேண்டும். வெட்டினால் உள்ளே நீலமாக வளையம் தெரிந்தால் பயப்படாதே, சில ரகங்களுக்கு அது இயல்பு. பூஞ்சையோ நொசநொசப்போ இருந்தால் தூக்கிப் போடு.

முளை கட்டியதை மட்டும் எறியாதே. சித்திரை கடைசியில் இரண்டு அங்குல ஆழத்தில், முளை மேலே பார்க்க, அகலமான தொட்டியில் புதைத்து வை. பாதி நிழல் போதும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், தொட்டி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். ஐப்பசியிலேயே இளசாகக் கிள்ளலாம், தழை மஞ்சளாகிச் சாயும்போது முற்றலாகத் தோண்டலாம். முளை இல்லையென்றால் எழுது, அடுத்த வாரம் உன் ஊர்ப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
கமலா