பின்வாசல் சந்து எங்களுக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகி ஒருவர், இன்றைய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) பக்கத்து வீட்டில் இருப்பவர் யாரென்றே தெரிவதில்லை என்று மனம் நொந்து எழுதியிருந்தார். கைப்பேசியும் வேலைப்பளுவும்தான் காரணம் என்பது அவர் முடிவு. அவருடைய வருத்தம் எனக்கும் உண்டு. காரணத்தில்தான் உடன்பாடு இல்லை. பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஒரு சின்னத் தாமானில் பிள்ளைகளை வளர்த்து, இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அக்கம்பக்கம் அறுந்துபோனதற்குச் செங்கல்லும் சிமெண்டுமே முதல் காரணம் என்பேன். வீடுகளுக்குப் பின்னால் இருந்த சந்து கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளுக்குள்ளேயே போய்விட்டது.

வரிசை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்வாசல் காருக்கு. கார் போக மீதி இடத்தில் செருப்பு அலமாரியும் துணி காயும் கம்பியும். இரும்புக் கிரில், அதற்கு வெளியே கேட், அதற்கும் ஒரு பூட்டு. முன்பக்கம் வந்து மணி அடிக்கிறவர் தபால்காரர், உறவினர், பொருள் கொண்டுவரும் பையன். அக்கம்பக்கத்தார் யாரும் மணி அடித்து வருவதில்லை. அவர்கள் வருவது பின்னால். அடுப்படிக் கதவைத் திறந்தால் லோங்காங் (வடிகால்), அதைத் தாண்டினால் சந்து, சந்துக்கு எதிரே அடுத்த வரிசையின் அடுப்படிக் கதவுகள். ஒரு வீட்டுக்கு இடமும் வலமும் மட்டுமல்லாமல் எதிர்ப்பக்கமும் சொந்தம் கிடைப்பது இங்கேதான்.

எங்கள் சந்தில் காலை ஐந்தரைக்கே விளக்கு எரியும். வலப்பக்கத்து மக்சிக், அதாவது மலாய் அம்மா, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டி விற்றவர். தேங்காய்ப்பால் குறைந்தால் கதவிலிருந்தே "சந்தான் அடா?" என்று குரல் கொடுப்பார். இல்லையென்றால் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடமிருந்து வாங்கி நானே கைமாற்றிவிடுவேன். பாட்டி ஓட்டை வாளியில் பாண்டான் இலை வளர்த்தார். எங்கள் முருங்கையும் கறிவேப்பிலையும் சந்தின் ஓரத்தில் நின்றன. யாரும் கேட்டுப் பறித்ததில்லை. கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் குடும்பங்கள் வானக் கடவுளுக்குக் கரும்பு கட்டிப் படைப்பார்கள். பூசை முடிந்த மறுநாள் காலையில் பாட்டி அந்தக் கரும்பைத் துண்டு போட்டுச் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார். என் பிள்ளைகள் பொங்கல் கரும்பைவிட அந்தக் கரும்புக்குத்தான் அதிகம் காத்திருந்தார்கள். நோன்பு மாதத்தில் மக்சிக் வீட்டுக் கஞ்சி, தீபாவளிக்கு எங்கள் முறுக்கு, எல்லாம் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தன. பாத்திரம் காலியாகத் திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும்.

இதை வெறும் பழம்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கஷ்ட காலத்தில்தான் அந்தச் சந்தின் மதிப்பு தெரிந்தது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்கப் போகலாம் என்றார்கள். எங்கள் வரிசையில் தனியாக இருந்த முதியவர்களுக்கு மருந்தும் அரிசியும் அடுப்படி வாசலில்தான் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, வருமானம் இல்லாமல் தவித்தவர்கள் உதவி கேட்டு வெள்ளைக்கொடி ஏற்றினார்களே, நினைவிருக்கும். அப்படிக் கேட்க வைத்ததும், கேட்டவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் ஓடிப்போய்க் கொடுத்ததும் இந்த நாட்டின் நல்ல மனதுக்குச் சாட்சி. ஆனால் எங்கள் சந்தில் யாரும் கொடி ஏற்றவில்லை. எந்த வீட்டில் அடுப்பு தாமதமாக எரிகிறது, எந்த வீட்டில் மீன் வாங்குவது நின்றுபோனது என்று எதிர்க்கதவுக்குத் தெரிந்துவிடும். ஓர் அண்ணன் வேன் ஓட்டி வந்தவர். வேலை நின்றது. அவர் வாய் திறக்கும் முன்பே பத்துக் கிலோ அரிசி மூட்டை வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கும் முன்பு 2017 நவம்பர் 4. பினாங்கில் இருந்தவர்கள் அந்த இரவை மறக்க மாட்டார்கள். புயல் காற்றோடு விடிய விடிய மழை. சுங்கை பினாங்கு கரை மீறியது, மாநிலத்தில் ஏழு உயிர்கள் போயின. எங்கள் வீடுகளுக்குள் வெள்ளம் முதலில் பின்பக்க லோங்காங் வழியாகத்தான் ஏறியது. மூலை வீட்டார் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அடுப்படியைச் சந்துக்குள் நீட்டி, லோங்காங் மேல் சிமெண்டு தளம் போட்டிருந்தார்கள். தண்ணீர் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. மூட்டுவலியால் நடக்க முடியாத சீனப் பாட்டியை மக்சிக்கின் மகன் முதுகில் சுமந்து சந்து வழியாகத்தான் கொண்டுபோனான். வழக்கமான பக்கம் அடைபட்டிருந்ததால் அவன் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில், இருட்டில், அந்தச் சுற்று எவ்வளவு தூரம் என்பது கூட நின்ற எங்களுக்குத் தெரியும்.

இன்று எங்கள் வரிசையில் பாதி வீடுகள் அப்படித்தான் நீண்டுவிட்டன. யார் மீதும் எனக்குப் பகை இல்லை. குடும்பம் பெருகுகிறது, 20 அடி அகல வீட்டில் அடுப்படி போதவில்லை, தனி வீடு வாங்கும் வசதி இல்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் சொந்த மனைக்குள் கட்டுவது வேறு, ஊர்ப் பாதையைச் சுவருக்குள் வளைப்பது வேறு. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால்கூடச் சந்து இருக்கிறது. மலவாளி எடுக்க வருகிறவருக்கு வழி வேண்டும், தீ பிடித்தால் ஆட்கள் வெளியேற வழி வேண்டும். மலவாளிக் காலம் போய்விட்டது. தீ போகவில்லை. நம் வீடுகளில் கேஸ் தோம்பு (எரிவாயு உருளை) இருப்பது அடுப்படியில். முன்னால் கிரில், பின்னால் அடுத்தவர் சுவர் என்றால், உள்ளே இருப்பவர் எந்த வழியாக ஓடுவார்?

டிங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீதியிருக்கும் சந்துத் துண்டுகளில் இப்போது ஆள் நடமாட்டம் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் பழைய சோபா, உடைந்த தொட்டி, டயர் எல்லாம் வந்து சேர்கின்றன. மழைநீர் தேங்கினால் ஏழிலிருந்து பத்து நாளில் ஏடிஸ் முட்டை கொசுவாகிவிடுகிறது. ஏடிஸ் வெகுதூரம் பறக்கும் கொசு இல்லை. என் வீட்டுப் பின்னால் பிறந்தது என் பேரப்பிள்ளையை, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும். புகை அடிக்க ஆட்கள் வந்தாலும் சந்து அடைபட்ட இடத்தோடு திரும்பிப் போகிறார்கள். எல்லோரும் பின்கதவைத் திறந்து வைத்திருந்த காலத்தில் கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவுப் பணி) என்று தனியாக அறிவிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அவரவர் வாசலை அவரவர் கழுவினோம், துடைப்பம் கையில் இருந்ததால் அடுத்த வாசலையும் சேர்த்துக் கழுவினோம்.

ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல் அமைப்பு) 1975-இல் தொடங்கப்பட்டபோது ஆண்கள் முறை வைத்து இரவுக் காவல் சுற்றினார்கள். என் கணவரும் சுற்றியவர். அவர்கள் நடந்த பாதையில் பாதிக்கு மேல் இந்தச் சந்துகள்தான். இன்று காவல் சுற்ற ஆள் கிடைத்தாலும், நடப்பதற்குச் சந்து இல்லை. திருடன் நுழைவது பின்பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும், பின்பக்கத்தைப் பார்க்கும் கண்கள்தான் குறைந்துவிட்டன.

சின்னத் தாமானில் வாழ்வது சுகம் மட்டுமே என்று நான் சொல்லவில்லை. ஒருவர் வீட்டுச் சண்டை எல்லோர் காதிலும் விழும். மகள் தாமதமாக வீடு வந்தால் மறுநாள் விசாரிப்பார்கள். என் மருமகளுக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவே இல்லை. பிள்ளை பெற்று வந்த மாதத்தில், ராத்திரி குழந்தை அழுதபோது மக்சிக் பின்வாசலில் வந்து நின்று, வயிற்றுக்கு எண்ணெய் தடவும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து பின்கதவின் மேல்தாழ்ப்பாளை அவள் பகலில் போடுவதில்லை.

ஆகவே, வீடு புதுப்பிக்கப் போகும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கட்டுவதை உங்கள் எல்லைக்கல்லோடு நிறுத்துங்கள். அடுப்படியில் பின்பக்கம் ஒரு கதவும் ஒரு சன்னலும் இருக்கட்டும். நம் சமூகத்தில் இந்த வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் தம்பிமார்கள் பலர் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்டாலும் லோங்காங்கைத் தாண்டிச் சுவர் எழுப்ப முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் வார்த்தைக்கு அவர்கள் மரியாதை கொடுப்பார்கள். மாநகர் மன்ற உறுப்பினர்கள் தங்கள் வட்டாரத்துச் சந்துகளை ஒருமுறை நடந்தே பார்க்க வேண்டும். காரில் வந்தால் முன்பக்கம்தான் தெரியும்.

எங்கள் மூலை வீடு இப்போது கைமாறியிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் இளம் தம்பதியிடம் நானும் மக்சிக்கும் போய்ப் பேசினோம். லோங்காங் மேல் போட்ட தளத்தை மட்டுமாவது உடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செலவில் எங்கள் வரிசையும் பங்கு கொடுக்கும். மற்றத் தாமான்களில் இப்படிப் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள் இருந்தால் இந்தப் பகுதியில் எழுதுங்கள். அனுமதிக்கு எங்கே விண்ணப்பித்தீர்கள், உடைத்த கல்லையும் மண்ணையும் எப்படி அப்புறப்படுத்தினீர்கள் என்பது எங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகி,
பினாங்கு