ராசாத்திக்கு, கார்த்திகை பிறப்பதற்குள்

போடிநாயக்கனூர்
ஐப்பசி, சனிக்கிழமை இரவு

அன்புள்ள ராசாத்திக்கு,

ஈஸ்வரி எழுதுவது. உன் மருமகள் போன் செய்தாள். அவளைத் திட்டாதே. திட்டினாய் என்று காதில் விழுந்தால், குரங்கணி பஸ்ஸில் நடந்ததை உன் பேரனிடம் சொல்லிவிடுவேன். அடுப்படியில் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டாயாம். "போடி அத்தைக்குச் சொல்லாதே" என்று சத்தியம் வேறு வாங்கினாயாம். நல்ல பெண், அன்றைக்கே எனக்குச் சொல்லிவிட்டாள்.

போனில் உன்னிடம் எதையும் முழுதாகப் பேச முடியாது. பாதியில் யாராவது நாலு பரோட்டா பார்சல் கேட்டு வந்துவிடுவார்கள். அதனால்தான் கடிதம். கடையை அடைத்த பிறகு படி. எண்ணெய்க் கையோடு தொடாதே.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் சென்னையில் ரயில் ஏறினால் போடியிலேயே வந்து இறங்குகிறாள். நாம் மதுரைக்குப் போய்வந்த அந்தப் பழைய ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்களே, அகலப் பாதையாக்கி 2023 ஜூனில்தான் திரும்ப விட்டார்கள். சரோஜா டீச்சருக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது தெளிவாகத் தெரிவதால் என் கையெழுத்தைக் கூடுதலாகக் குறை சொல்கிறார். உன் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல். மூட்டுவலித் தைலம் இன்னும் வந்துசேரவில்லை என்பதையும் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சீசன் முடியட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம் என்றாயாம். எந்த சீசன் என்று கேட்கிறேன். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப சாமிகள் கூட்டம். குமுளியில் உன் கடையில் அப்போது இலை போட்டு எடுக்க ஆள் போதாது. அது ஓய்ந்தால் ஏப்ரல், மே என்று தேக்கடிப் படகுக்கு வருகிற கூட்டம். பிறகு மழை, ஓணம், பூஜா விடுமுறை, திரும்பவும் கார்த்திகை. என் கதையும் இதேதான். ஆடி, ஆவணியில் ஏலக்காய் எடுக்கத் தொடங்கினால் மாசி வரை மூட்டை வந்துகொண்டே இருக்கும். காய் நின்றதும் தோட்டக்காரர்கள் முன்பணம் கேட்டு வந்து நிற்பார்கள். நம் இருவருக்கும் சீசன் முடிவது பாடையில் ஏறும்போதுதான், ராசாத்தி. ஆகையால் அந்தப் பேச்சை விடு.

என் சேதியைக் கேள். ஆனி மாதம் நீ வந்திருந்தபோது என் மேசை இழுப்பறையில் பச்சரிசி டப்பாவைப் பார்த்துச் சிரித்தாய். "பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்பார்கள், உனக்கு இனி எந்தக் கல்யாணம்?" என்று கேட்டாய். தரம் பிரிக்கும் பெண்கள் எல்லோரும் சல்லடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுவதையும் வயதின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். பச்சரிசியை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் காலில் வீக்கம் என்றுதான் போனேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அரிசி, சாம்பல், ஐஸ் கட்டி, ஏதாவது தின்னத் தோன்றுகிறதா?" இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு இப்படிக் கண்டதையும் கேட்குமாம். உன் கல்யாண மழைக்கு இதுதான் காரணமடி.

ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. காரணமும் தெரிந்தது. மாதாமாதம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்த உதிரம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி, புற்று இல்லை. நிற்கப்போகிற வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று அம்மாவும் சொன்னாள், உன் மாமியாரும் சொன்னார், நாமும் நம்பினோம். மூட்டைக்கு நூறு கிராம் எடை குறைந்தால் தோட்டத்துக்கே ஆள் அனுப்பிக் கேட்கிறவள் நான். இதை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை, பார்.

மாத்திரை தருகிறார்கள். வயிறு கட்டும், போவது கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ரத்தம் 12க்கு ஏறிய பிறகும் மூன்று மாதம் விடக்கூடாதாம். அப்போதுதான் உடம்பின் இருப்பில் சேரும். இருப்பு என்றதும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது, எலுமிச்சைச் சாறு நல்லது. ஏலக்காய்க் கடைக்காரியைப் பார்த்து டீ குடிக்காதே என்றால் தொழில் எப்படி நடக்கும்? வருகிறவனுக்கெல்லாம் டீ சொல்லி, கூடவே நானும் ஒரு கிளாஸ் என்று நாள் முழுக்கக் குடித்து, சாப்பாட்டில் இருந்த கொஞ்ச நஞ்ச இரும்பையும் நானே தடுத்துக்கொண்டிருந்தேனாம்.

நீ கேரளத்தில் இருப்பதால் உனக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதே. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ரத்தசோகை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு, கேரளத்தில் 36 பேருக்கு. குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ரத்தம் ஊறிவிடாது.

ஆனால் உன் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை வேறு. போன வருடம் இரண்டு முறை குளிர்க்காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்தது என்றாயே, ஏன் வராது? விடியற்காலையில் கடை திறக்கிறாய். கடைக்குள் கழிப்பறை இல்லை. பக்கத்து லாட்ஜுக்குப் போக வேண்டும், அங்கே போனால் அந்த மேலாளர் பார்க்கிற பார்வை. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சுக்கும் பதிமுகமும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் வைக்கிறவள், இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்வரை வாயை நனைப்பதில்லை. அடக்கி அடக்கி வைத்தால் கிருமி தங்காமல் என்ன செய்யும்? கல்லும் வரும். இன்னொன்றும் சொன்னார் டாக்டரம்மா. இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையையும் பார்க்க வேண்டுமாம். உன் அம்மாவின் கால்விரலை எடுத்த நாளை நான் மறக்கவில்லை, நீ மறந்திருக்க மாட்டாய்.

உன் ஊர்க்காரர்கள் இதற்குப் போராடியே வழி செய்தார்கள் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜி என்ற அம்மாள், கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறைதான். பிறகு உட்கார நாற்காலி கேட்டார்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று காலில் நரம்பு சுருண்டவர்கள். 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் கொடுத்தது. உன் கடையில் பரிமாறும் பெண்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறாய், பார்த்தேன், சந்தோஷம். உனக்கு எங்கே ஸ்டூல்? தோசைக்கல்லுக்கும் கல்லாவுக்கும் நடுவே நின்றே இருக்கிறாய், புடவைக் கரைக்குக் கீழே பச்சை நரம்பு கயிறாகத் தெரிகிறது. இங்கேயும் அதே வேடிக்கைதான். என்னிடம் வேலை செய்யும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவர்கள் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடித்து, என் பங்காக மூன்றேகால் சதவீதம் சேர்த்துக் கட்டுகிறேன். அவர்களுக்கு மருந்தும் கிடைக்கும், விடுப்புக்குப் பணமும் கிடைக்கும். முதலாளி என்ற பெயர் இருப்பதால் எனக்கு அதில் இடமில்லை. நமக்கு விடுப்பு கொடுக்க நம்மைத் தவிர ஆள் கிடையாது.

ஏன் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் கவலைப்படுவார் என்பது இரண்டாவது காரணம். மளிகைக்காரன் காதுக்குப் போகும் என்பது முதல் காரணம். இங்கே என் வீட்டுக்காரர் இறந்து காரியம் முடிவதற்குள், பத்து வருடம் பழகியவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து திண்ணையில் உட்கார்ந்து பாக்கியைப் பற்றிப் பேசியதை நீ பார்த்தாய். பெண் நடத்தும் கடை, அவளும் படுத்துவிட்டாள் என்றால் சந்தையில் கடன் நின்றுவிடும். அதற்குப் பயந்துதான் நானும் தேனிக்கு ஒவ்வொரு முறையும் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். முகூர்த்தமே இல்லாத ஆடியில் எந்த வீட்டில் கல்யாணம் என்று கணக்கப்பிள்ளை மாணிக்கம் கேட்டதும் மாட்டிக்கொண்டேன்.

பிறகு யோசித்தேன். மறைத்தால் மட்டும் கடை நடக்குமா? யாருக்கு எவ்வளவு, யாரிடம் எவ்வளவு, எந்த மூட்டை யாருடையது என்பதெல்லாம் என் மண்டைக்குள் இருக்கிறது. நான் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தால் கடையும் அதோடு மயங்கிக் கிடக்கும். அதை மாணிக்கத்தை உட்காரவைத்து நோட்டில் எழுதவைத்தேன். சின்னவளுக்கு வங்கியில் கையெழுத்துப் போட அதிகாரம் எழுதிக் கொடுத்தேன். ஏலத்தில் எனக்குக் காய் எடுத்துத் தருகிற ஏஜண்டிடம், உடம்பு சரியில்லை, வாரம் ஒரு நாள் வரமாட்டேன் என்று நேராகவே சொன்னேன். மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ரத்த அழுத்தத்துக்காம். வீட்டுக்கே தெரியாதாம். இந்தத் தெருவில் யாரைத் தட்டினாலும் ஒரு அட்டை விழும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரை அடைக்கிறேன், காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் இந்த ஐப்பசியிலும். இதுவரை எந்தத் தோட்டக்காரரும் என்னை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று. இதை மருமகளிடம் படித்துக் காட்டாதே.

ரத்தம் ஏறியும் தூக்கம் வரவில்லை. நடுராத்திரியில் விழித்தால் விடியும்வரை விலைக் கணக்கு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். இன்றைக்கு விலை நன்றாக இருந்தாலும் அந்தப் பள்ளம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ராத்திரி 14416க்கு போன் செய்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், பசிக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, குரல் மாறாமல் கேட்டாள்: "செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா அம்மா?" இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை, ராசாத்தி, நீ பதறாதே. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் பாலு அண்ணனை நினைத்துக்கொண்டேன். அவரிடம் நாம் யாரும் அதைக் கேட்கவில்லை. பயிர் எப்படி, விலை எப்படி என்றுதான் கேட்டோம்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். உனக்கு அப்படி ஏதாவது வருகிறதா? விளையாட்டாகப் பதில் எழுதாதே.

வருகிற வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கம்பம் வழியாக வருகிறேன். கல்லாவில் நான் உட்காருவேன், ஸ்டூல் போட்டு. நீ மருமகளோடு வெறும் வயிற்றில் டாக்டரிடம் போ. ஹீமோகுளோபின், சிறுநீர், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல். சர்க்கரையில் அந்த மூன்று மாதச் சராசரியையும் சேர்த்துப் பார்க்கச் சொல், அது 6.5ஓ அதற்கு மேலோ வந்தால் சர்க்கரை நோய் என்று அர்த்தம். முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்றினாலும் அந்தக் கணக்கு ஏமாறாது. ரத்த அழுத்தம் 140க்கு 90 தாண்டினால் நின்றுகொண்டே வியாபாரம் பார்ப்பதை அன்றே நிறுத்தப்போகிறேன். லாட்ஜ் மேலாளரிடமும் நான் பேசிக்கொள்கிறேன். மாதம் ஒரு தொகை கொடுத்துச் சாவி வாங்கிவிடலாம், உன் கடைப் பெண்களுக்கும் சேர்த்து.

மத்தியானம் எனக்குக் கப்பையும் மத்திக் குழம்பும்.

உன்,
ஈஸ்வரி

பின்குறிப்பு: கடன் வைத்திருக்கும் ஜீப் டிரைவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வை. உனக்குக் கேட்கக் கூச்சம், எனக்கு இல்லை.