எழுதியவருக்கா, பாடியவருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதுவரை எழுதப்பட்டவற்றுள் சிறந்த பாடல் எது என்ற விவாதத்தில், பாடல் எழுதப்பட்ட விதத்தையும் பாடப்பட்ட விதத்தையும் பலர் ஒன்றாகவே கருதுவது வருத்தமளிக்கிறது. அமெரிக்க இசை இதழான 'ரோலிங் ஸ்டோன்' 2004-இல் வெளியிட்ட தலைசிறந்த பாடல்களின் பட்டியலில் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' முதலிடம் பெற்றது. 2021-இல் அது நான்காம் இடத்துக்கு இறங்க, அரேதா ஃபிராங்க்ளின் பாடிய 'ரெஸ்பெக்ட்' முதலிடத்துக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பாடல்களில் ஒரு சொல்கூட மாறவில்லை, வாக்களித்த குழு மாறியிருந்தது.

'ரெஸ்பெக்ட்' பாடலை எழுதி 1965-இல் முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். வீடு திரும்பும் ஆண் தன் பெண்ணிடம் மரியாதை கேட்பதாக அமைந்த அப்பாடலை, 1967-இல் பெண்ணின் உரிமைக் குரலாக மாற்றியவர் அரேதா. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும், இன்று எல்லோர் நினைவிலும் நிற்கும் பகுதி ஓட்டிஸின் மூலப் பாடலில் இல்லவே இல்லை. அப்படியிருக்க, 'எழுதப்பட்டவற்றுள் சிறந்தது' என்னும் பெருமை இவர்களில் யாரைச் சேரும்? என்னைக் கேட்டால், எவர் குரலில் ஒலித்தாலும் தளராத வரிகளுக்கே அது உரியது என்பேன். அரேதாவின் சாதனை அதற்குச் சற்றும் குறைந்ததன்று, ஆனால் அது வேறு வகை.

தங்கள் நாளிதழ் வாசகர் வாக்கெடுப்பு நடத்துவதாயின், பாடலாசிரியருக்கும் பாடகருக்கும் தனித்தனியே வாக்களிக்க வழிசெய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்